ஆங்கிலத்தில் பிழையில்லாமல் வாக்கியம் எழுதுவது எப்படி? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள், வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துவிட்டு முழிக்கும் அம்மாமார் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கொப்பிகளில் வழக்கமாகக் காணும் பிழைகளை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கும். வாய்விட்டுப் படித்துவிட்டு, கொப்பியில் ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலும் சேர்ந்து பழகும்.

பத்து வருஷம் இங்கிலிஷ் படிச்சேன், டென்ஸ் அட்டவணை எல்லாம் மனப்பாடம். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதினால் மட்டும் பிழை வருதே, ஏன்?

அட்டவணை உங்களுக்கு வினைச்சொல்லின் வடிவங்களைக் காட்டியது. தமிழ் உங்கள் கையை எந்த இடத்தில் இழுக்கிறது என்று அது காட்டவில்லை. பிழை வருவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

"எங்க அப்பா கங்காணி." தமிழில் இது முழு வாக்கியம். இதில் வினையே இல்லை, ஆனால் யாருக்கும் குறை தெரியாது. அதே பழக்கத்தில் "மை ஃபாதர் கங்காணி" என்று எழுதினால் ஆங்கிலத்தில் அது வாக்கியமே ஆகாது. "மை ஃபாதர் இஸ் அ கங்காணி" என்று வர வேண்டும். அந்த "இஸ்" என்பதுதான் அங்கே வினை.

எழுவாயும் அப்படித்தான். "நுவரெலியாவில சரியான குளிர்" என்று நாம் சொன்னால் அங்கே யார், எது என்ற கேள்வியே எழாது. ஆங்கிலத்தில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் "இட்" என்று ஒன்றை உட்கார வைக்க வேண்டும்: "இட் இஸ் வெரி கோல்ட் இன் நுவரெலியா." மழை பெய்தாலும் இதே கதைதான். "ரெயின் இஸ் ரெயினிங்" என்று பல கொப்பிகளில் பார்க்கலாம். "இட் இஸ் ரெயினிங்" என்பதே சரி. அந்த "இட்" எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டாம், எதையும் குறிக்கவில்லை. நம்ம ஊருக்கு அதிகம் தேவைப்படும் வாக்கியம் இது, ஆகவே முதலில் இதைப் பழகிக்கொள்ளலாம்.

எழுதி முடித்த வாக்கியம் சரியா என்று நானே எப்படிச் சோதிப்பது?

வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடு போடுங்கள். அடிக்கோடு போட ஒன்றும் அகப்படவில்லை என்றால் வாக்கியம் முடியவில்லை. அகப்பட்டால், அதைச் செய்தது யார் என்று கேளுங்கள். பதில் அந்த வினைக்கு முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக, எப்போது நடந்தது என்று கேளுங்கள். வினையின் வடிவம் அந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இந்த மூன்றையும் பார்த்தாலே பாதிப் பிழை போய்விடும். நான் வகுப்பில் எந்தக் கொப்பியைத் திருத்தினாலும் முதலில் செய்வது இதைத்தான்.

தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதக் கூடாது என்கிறார்கள். உண்மையா?

அப்படிச் சொல்கிறவர்கள் வேறு எதில் யோசிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. தாராளமாகத் தமிழில் யோசியுங்கள். ஆனால் தமிழ் வாக்கியத்தின் வரிசையை அப்படியே இறக்காதீர்கள்.

தமிழில் யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதை உருபு காட்டிவிடும். "அட்டை பையனைக் கடித்தது", "பையனை அட்டை கடித்தது" இரண்டும் ஒன்றுதான். அந்த "ஐ" இருக்கும்வரை சொற்களை எப்படிப் போட்டாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. சொல் நிற்கிற இடமே உருபின் வேலையைச் செய்கிறது. "த லீச் பிட் த பாய்" என்றால் அட்டை கடித்தது. இடத்தை மாற்றி "த பாய் பிட் த லீச்" என்று எழுதினால் பையன் அட்டையைக் கடித்துவிட்டான்!

கொஞ்சம் நீளமான ஒன்றைப் பார்ப்போம்: "நேற்று பறித்த கொழுந்தை லொறி ஸ்டோருக்குக் கொண்டுபோனது." (ஸ்டோர் என்று நாம் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை.)

முதலில் யார் என்று கேளுங்கள்: த லொறி. என்ன செய்தது? டுக். எதை? த லீவ்ஸ். எந்தக் கொழுந்தை? இங்கேதான் கவனம் வேண்டும். தமிழில் "நேற்று பறித்த" என்பது கொழுந்துக்கு முன்னால் வருகிறது, யார் பறித்தது என்று சொல்லவும் இல்லை. ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் போகும், பறித்தவரையும் சேர்த்துச் சொல்லலாம்: தட் வீ ப்ளக்ட் யெஸ்டர்டே. எங்கே? டு த ஃபேக்டரி. எல்லாம் சேர்ந்தால்: "த லொறி டுக் த லீவ்ஸ் தட் வீ ப்ளக்ட் யெஸ்டர்டே டு த ஃபேக்டரி."

நேற்று வந்த பையன், அக்கா தைத்த சட்டை, நாங்கள் இருந்த லயம் என்று இந்த அமைப்பில் வருகிற எல்லாவற்றையும் இப்படியே திருப்பிப் போடலாம்.

"எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்களை எப்படி எழுதுவது?

தமிழில் "எனக்கு" நிறைய வேலை செய்கிறது. எனக்குப் பசிக்குது, எனக்குத் தலைவலி, எனக்கு ரெண்டு தம்பி, எனக்குச் சிங்களம் தெரியும், எனக்கு அந்த டீச்சரைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் இவை எல்லாமே "ஐ" என்றுதான் தொடங்கும்: "ஐ ஆம் ஹங்க்ரி", "ஐ ஹேவ் அ ஹெட்டேக்", "ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்", "ஐ நோ சிங்களா", "ஐ லைக் தட் டீச்சர்". "ஃபார் மீ டூ பிரதர்ஸ்", "மை ஹெட் இஸ் பெய்னிங்" என்பவற்றை விட்டுவிடுங்கள்.

டென்ஸ் பன்னிரண்டையும் படிக்க வேண்டுமா?

பரீட்சைக்குத் தேவையென்றால் படியுங்கள். கடிதம், விண்ணப்பம், கட்டுரை, வட்ஸ்அப் என்று அன்றாடம் எழுதுவதற்கு நான்கைந்து போதும். ஆனால் அந்த நான்கைந்தும் தடுமாறாமல் வர வேண்டும்.

முதல் தடுமாற்றம் நிகழ்காலத்தில். "அம்மா கொழுந்து பறிக்கிறார்" என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள். அதுதான் அவர் தொழில் என்றும் இருக்கலாம், இந்த நிமிஷம் மலையில் நிற்கிறார் என்றும் இருக்கலாம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும். தொழில் என்றால் "மை மதர் ப்ளக்ஸ் டீ." இப்போது நடக்கிறது என்றால் "மை மதர் இஸ் ப்ளக்கிங் டீ." நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் "இங்" போடுவது இந்தக் குழப்பத்தால்தான். "ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல் எவ்ரி டே" என்று எழுத வேண்டாம். "எவ்ரி டே" வந்தால் "ஐ கோ" போதும்.

சில வினைகளுக்கு "இங்" ஒத்துவராது. அறிவது, விரும்புவது, வைத்திருப்பது போன்றவை அந்த வகை. "ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்", "ஐ ஆம் நாட் நோயிங்" இரண்டும் பிழை. "ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்", "ஐ டோன்ட் நோ" என்று எழுதுங்கள். ஆனால் "வீ ஆர் ஹேவிங் டீ" சரி, ஏனென்றால் அங்கே "ஹேவ்" என்றால் குடிப்பது.

அடுத்தது, முன்பு தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருப்பது. "2019இலிருந்து இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறேன்" என்பதை "ஐ ஆம் வர்க்கிங் சின்ஸ் 2019" என்று எழுதுவார்கள். தமிழில் அது நிகழ்காலம், அதனால் வரும் பிழை. "ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஆன் திஸ் எஸ்டேட் சின்ஸ் 2019" என்பதே சரி. தொடங்கிய இடத்தைச் சொன்னால் "சின்ஸ்", எவ்வளவு காலம் என்று சொன்னால் "ஃபார்". "சின்ஸ் மண்டே", "ஃபார் த்ரீ டேஸ்". "சின்ஸ் த்ரீ டேஸ்" என்று எழுதாத ஆளை நம்ம பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"ஐ ஹேட் கான் டு கண்டி லாஸ்ட் வீக்" என்று எழுதினேன். டீச்சர் வெட்டிவிட்டார். ஏன்?

"ஹேட்" சேர்த்தால் வாக்கியம் கனமாக, படித்தவர் எழுதியது போலத் தெரியும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. போன வாரம் போனது சாதாரண இறந்தகாலம்: "ஐ வென்ட் டு கண்டி லாஸ்ட் வீக்." கடந்துபோன இரண்டு சம்பவங்களைச் சொல்லும்போது முதலில் நடந்ததற்குத்தான் "ஹேட்" தேவை: "வென் ஐ ரீச்ட் ஹட்டன் ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்." நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ரயில் போய்விட்டது.

"ஹேவ்" விஷயத்தில் ஒன்று. "யெஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "இன் 2015" என்று காலத்தைச் சொல்லிவிட்டால் "ஹேவ்" வேண்டாம். "ஐ ஹேவ் கம் யெஸ்டர்டே" பிழை. "ஐ கேம் யெஸ்டர்டே."

"டிட்" வந்த பிறகும் "வென்ட்" போடலாமா?

கூடாது. காலத்தை ஒரு இடத்தில் காட்டினால் போதும். "டிட்" அதைக் காட்டிவிட்டது, ஆகவே பின்னால் வருவது வெறும் வினை: "ஐ டிட் நாட் கோ." "டஸ்" வந்தாலும் அப்படியே: "ஷீ டஸ் நாட் கோ." தனியாக எழுதும்போது மட்டும் "ஷீ கோஸ்". ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் அந்த "ஸ்" மறக்கக் கூடாது. பேசும்போது விட்டுப்போனால் பரவாயில்லை, எழுத்தில் அது உடனே கண்ணில் படும்.

அம்மாவைப் பற்றி எழுதும்போது "தே" போடலாமா? "அம்மா வந்தாங்க" என்றுதானே சொல்கிறோம்?

ஒரு ஆள் என்றால் ஒருமைதான். "மை மதர் ஆர் கமிங், தே ஆர் டயர்ட்" என்று எழுதும் பிள்ளை அம்மாவை மதிக்கிறது, ஆனால் மதிப்பெண் போய்விடும். "மை மதர் இஸ் கமிங். ஷீ இஸ் டயர்ட்." பாடசாலை அதிபர், தோட்டத்துத் துரை, டாக்டர் எல்லோருக்கும் ஹீ அல்லது ஷீ. ஆங்கிலத்தில் மரியாதை வினையில் வருவதில்லை, "சேர்", "மேடம்", "பிளீஸ்", "வுட் யூ" போன்ற சொற்களில் வருகிறது.

ஒருத்தர் காலையில் செய்கிற வேலைகளை வரிசையாக எழுதினால் வாக்கியம் குழம்பிவிடுகிறது. என்ன செய்ய?

நல்ல கேள்வி. தமிழில் இதற்கு வினையெச்சம் இருக்கிறது. "அம்மா விடியக்காலையில் எழுந்து, பல் துலக்கி, தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, பிள்ளைகளை எழுப்பிவிட்டு, பிரட்டுக்குப் போனார்." (பிரட்டு என்றால் காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்.) ஐந்து வேலை. காலம் காட்டும் வினை கடைசியில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் எழுந்து, துலக்கி, குடித்து என்று தொங்கிக்கொண்டு வரும். மூச்சு இருக்கும்வரை நீட்டலாம்.

இதை ஆங்கிலத்தில் கொண்டுவரும்போது இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. சிலர் ஒவ்வொன்றுக்கும் "இங்" போட்டு, "வேக்கிங் அப், பிரஷிங், டிரிங்கிங் டீ, ஷீ வென்ட்" என்று எழுதுவார்கள். கேட்டால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டே நடந்துபோனது போல இருக்கும். வேறு சிலர் வெறும் வினையை அடுக்கி, கடைசியில் மட்டும் இறந்தகாலம் போடுவார்கள்: "ஷீ கெட் அப், பிரஷ், டிரிங்க் டீ அண்ட் வென்ட்." தமிழின் அச்சு அப்படியே தெரிகிறது.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே காலம் காட்ட வேண்டும்: "ஷீ காட் அப் ஏர்லி, பிரஷ்ட் ஹர் டீத், மேட் அ கப் ஆஃப் டீ, வோக் த சில்ட்ரன் அண்ட் வென்ட் டு மஸ்டர்." காட், பிரஷ்ட், மேட், வோக், வென்ட். "ஷீ" ஒரு தடவை போதும், ஏனென்றால் எல்லாவற்றையும் செய்தது ஒரே ஆள். நடுவில் ஆள் மாறினால் அந்தப் புது ஆளையும் வினைக்கு முன்னால் சொல்ல வேண்டும்: "ஷீ வோக் த சில்ட்ரன், அண்ட் தே டிராங்க் தேர் டீ."

ஐந்து வேலையையும் ஒரே வாக்கியத்தில் அடைக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. மூன்றோடு நிறுத்திவிட்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள். எனக்குக் கேட்டால், சாதாரண தரக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் வேண்டாம்.

அ, அன், த இவற்றுக்கு ஏதாவது சுலபமான வழி?

முழுக்கச் சுலபமான வழி கிடையாது. ஆனால் இதில் தொண்ணூறு வீதம் பழகிக்கொள்ளலாம்.

எண்ணக்கூடிய ஒரு பொருளைத் தனியாக விடாதீர்கள். "ஐ பாட் புக்" என்று நிற்காது, "அ புக்" அல்லது "த புக்" அல்லது "மை புக்". எதைப் போடுவது? அது எந்தப் புத்தகம் என்று படிக்கிறவருக்குத் தெரியுமா என்று யோசியுங்கள். தெரியாது என்றால் "அ". ஏற்கெனவே சொல்லியாயிற்று, அல்லது இருப்பதே ஒன்றுதான் என்றால் "த". "தேர் இஸ் அ கோவில் நியர் அவர் லைன் ரூம்ஸ். த கோவில் இஸ் வெரி ஓல்ட்." முதல் தடவை அறிமுகம், இரண்டாவது தடவை தெரிந்த கோவில்.

தொழிலைச் சொல்லும்போது "அ" கட்டாயம்: "ஷீ இஸ் அ நர்ஸ்."

"அன்" போடுவதை எழுத்து தீர்மானிப்பதில்லை, காதில் விழும் ஒலிதான் தீர்மானிக்கும். "அன் எஸ்டேட்", "அன் அம்ப்ரெல்லா" யாருக்கும் தெரியும். "அன் அவர்" என்பதில் முதல் எழுத்து ஒலிப்பதில்லை, அதனால் "அன்". "அ யூனிவர்சிட்டி" உயிரெழுத்தில் எழுதப்பட்டாலும் ஒலிப்பது "யூ", அதனால் "அ". "அன் எம்.பி." கூட ஒலியை வைத்துத்தான்.

இடப்பெயர்களில் நம்ம ஊரையே பாருங்கள். ஹட்டன், பதுளை, நுவரெலியா போன்ற ஊர்ப்பெயர்களுக்கு "த" வேண்டாம். மலைச்சிகரத்துக்கும் வேண்டாம், "அடம்ஸ் பீக்" மட்டும். குளத்துக்கும் வேண்டாம், நுவரெலியாவில் இருப்பது "லேக் கிரகரி". ஆறு என்றால் வேண்டும்: "த மகாவலி ரிவர்". மாகாணத்துக்கும் வேண்டும்: "த சென்ட்ரல் பிரொவின்ஸ்". மலையகம் என்று சொல்லவும் "த ஹில் கன்ட்ரி". நாடுகளில் இலங்கை, இந்தியா, கட்டார் எல்லாம் வெறுமனே வரும். ஆனால் "த மோல்டீவ்ஸ்", "த யுனைட்டட் அரப் எமிரேட்ஸ்" என்று எழுத வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பிள்ளை படிக்கப் போனால் "ஷீ வென்ட் டு ஸ்கூல்". அப்பா பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் "ஹீ வென்ட் டு த ஸ்கூல்". படிக்கிற காரியத்துக்குப் போனால் "த" இல்லை, அந்தக் கட்டடத்துக்குப் போனால் உண்டு.

இன், ஆன், அட்?

நேரத்துக்கு: "அட் 5.30", "ஆன் சண்டே", "இன் ஏப்ரல்". இடத்துக்கு: ஊருக்குள் "இன் தலவாக்கலை", குறித்த ஒரு புள்ளியில் "அட் நானுஓயா ஸ்டேஷன்". பஸ்ஸிலும் ரயிலிலும் "ஆன்", ஆனால் காரிலும் த்ரீவீலிலும் "இன்". தோட்டத்தில் வசிக்கிறேன் என்பதற்கு "ஆன் அ டீ எஸ்டேட்" என்பது வழக்கமான ஆங்கிலம். "இன் த எஸ்டேட்" என்று இங்கே எல்லோரும் எழுதுகிறார்கள், பொருள் புரியும், ஆனாலும் "ஆன்" பழகுவது நல்லது. வீட்டுக்குப் போனால் "கோ ஹோம்", நடுவில் "டு" வேண்டாம்.

தேவையில்லாத இடத்தில் இவற்றைச் சேர்ப்பதும் உண்டு. "டிஸ்கஸ் அபௌட்" வேண்டாம், "டிஸ்கஸ்" போதும். "ரிட்டர்ன் பேக்" வேண்டாம், "ரிட்டர்ன்" போதும். "ஐ டோல்ட் டு ஹிம்" வேண்டாம், "ஐ டோல்ட் ஹிம்".

"ஆல்தோ" போட்டால் "பட்" போடக் கூடாதாமே?

ஆமாம், இரண்டில் ஒன்று. "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், தே வென்ட் டு வர்க்" என்று எழுதலாம். அல்லது "இட் வாஸ் ரெயினிங், பட் தே வென்ட் டு வர்க்". "பிகாஸ்", "சோ" இரண்டும் அதே மாதிரி.

"ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ" ஏன் பிழை?

நேரடியாகக் கேட்டால் "வேர் இஸ் ஹீ?" சரி. அதை இன்னொரு வாக்கியத்துக்குள் வைத்துவிட்டால் அது கேள்வி இல்லை, வரிசை பழையபடி திரும்பும்: "ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்." "கேன் யூ டெல் மீ வாட் டைம் த டிரெயின் லீவ்ஸ்?" என்பதையும் பாருங்கள், அதில் "டஸ்" வரவில்லை. உல்லாசப் பயணிகளோடு எல்லவிலும் நுவரெலியாவிலும் வேலை செய்யும் பையன்கள் தினமும் கேட்கிற வாக்கியம் இது.

எந்தச் சொற்களுக்குப் பன்மை கிடையாது?

அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லகேஜ், எக்விப்மென்ட், ஹோம்வர்க். இவற்றுக்கு "ஸ்" சேர்க்கவும் வேண்டாம், முன்னால் "அ" போடவும் வேண்டாம். "ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்" என்பதில் மட்டும் "ஃபிரெண்ட்ஸ்" என்று பன்மை வேண்டும், பலரில் ஒருவர் அல்லவா.

"யூ ஆர் கமிங், நோ?" என்று எழுதலாமா?

பேசுங்கள். கொழும்பிலும் கண்டியிலும் நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களே இப்படித்தான் பேசுகிறார்கள். இலங்கை ஆங்கிலத்துக்கு என்று ஒரு நடை இருக்கிறது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வட்ஸ்அப்பிலும் எழுதுங்கள். பரீட்சையிலும் விண்ணப்பத்திலும் மட்டும் "ஆரன்ட் யூ?" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

லீவ் கடிதம் ஒன்று எழுதிக் காட்ட முடியுமா?

முதலில் வழக்கமாக எழுதப்படுவதைப் பார்ப்போம்.

"ரெஸ்பெக்டட் சேர், ஐ ஆம் சஃபரிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ். சோ ஐ கான்ட் ஏபிள் டு கம் டு வர்க். பிளீஸ் கைண்ட்லி கிராண்ட் மீ த லீவ் அண்ட் டூ த நீட்ஃபுல்."

"சின்ஸ் த்ரீ டேஸ்" பற்றி மேலே சொன்னேன். "கான்ட்" என்றாலே முடியாது, "ஏபிள்" சேர்த்தால் இரண்டு தடவை முடியாது. "பிளீஸ்", "கைண்ட்லி" இரண்டும் ஒரே வேலைக்கு வந்து நிற்கின்றன. "டூ த நீட்ஃபுல்" பழைய அலுவலகங்களில் இருந்து வந்த சொற்றொடர். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் என்ன வேண்டும் என்று அது சொல்லவில்லை. எத்தனை நாள் லீவ்? எந்தெந்த நாள்? அதுதான் படிக்கிறவருக்குத் தேவை.

இப்படி எழுதலாம்:

"டியர் சேர், ஐ ஹேவ் ஹேட் அ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ் அண்ட் ஐ ஆம் நாட் ஏபிள் டு கம் டு வர்க். ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கிராண்ட் மீ லீவ் ஃப்ரம் மண்டே டு வெனஸ்டே. ஐ ஹேவ் அட்டாச்ட் மை மெடிக்கல் சர்டிஃபிகேட். யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி."

"டியர் சேர்" என்று பெயரில்லாமல் தொடங்கினால் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி". பெயர் சொல்லி "டியர் மிஸ்டர்" என்று தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". பிரித்தானிய வழக்கம் இது, இங்கேயும் அதுதான் நடைமுறை.

வேலை விண்ணப்பம் என்றால் உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருப்பது நம்ம பக்கத்தில் சகஜம். இலக்கணத்தைவிட அதுதான் பிறகு தலையிடி தரும்.

பெரிய எழுத்து எங்கே வரும்?

தமிழில் இந்தத் தொல்லை இல்லை, அதனால் மறந்துபோகிறது. வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிழமை, மாதம், மொழி, சமயம், பண்டிகை. "நான்" என்று பொருள்படும் "ஐ" எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. பருவகாலங்களுக்கு வேண்டாம். காற்புள்ளி முந்திய சொல்லோடு ஒட்டி வரும், இடைவெளி அதற்குப் பிறகுதான்.

போனில் மொழிபெயர்க்கும் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு செயலியிடம் கொடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். அது நல்ல ஆசிரியர். தமிழைக் கொடுத்து ஆங்கிலத்தை அப்படியே ஒட்டினால்தான் ஆபத்து. "டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார்" என்ற வாக்கியத்தில் டாக்டர் ஆணா பெண்ணா என்று தமிழில் தெரியாது. செயலி ஊகித்து ஏதோ ஒன்றைப் போடும். எழுவாய் இல்லாத நம்ம வாக்கியங்களில் "ஐ", "ஹீ", "வீ" எது என்பதையும் அதுவே தீர்மானித்துவிடும். வினையையும் ஆளையும் அடிக்கோடிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்தான் இதைப் பிடிப்பார்.

தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று சொல்கிறார்களே?

வாய்ப்பு குறைவு என்றால் ஒத்துக்கொள்கிறேன். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களில் இருந்துதான். பாடத்திட்டப்படி தரம் 3இல் ஆங்கிலம் முறையாகத் தொடங்கினாலும், ஆங்கில ஆசிரியர் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடும் பாடசாலைகள் மலையகத்தில் உண்டு. வராது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை ஆங்கிலத்திலேயே கவிதையாக எழுதினார். 1947இல் தலவாக்கலையில் இருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார்.

உயர்தரத்தில் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குச் சேராதே, விட்டுவிடலாமா?

சேராது என்பது சரி. ஆனால் பல்கலைக்கழகத்தில் பல பாடநெறிகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. விடாதீர்கள்.

நான் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற ஆள், எனக்கு ஆங்கிலமே தெரியாது. பிள்ளைக்கு எப்படி உதவுவது?

முடியும். பிள்ளையை அன்றைக்கு மூன்று வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இருந்து வேண்டாம், வீட்டில் நடந்ததை எழுதட்டும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, தமிழிலேயே கேளுங்கள்: "இதில யாரு செஞ்சது? அந்தச் சொல் எது, தொட்டுக் காட்டு. என்ன செஞ்சாங்க? அது எது? எப்ப நடந்தது? நேத்துன்னா அந்தச் சொல்லு மாறுமா, மாறாதா?" பிள்ளை தொட்டுக் காட்ட முடியாமல் தடுமாறினால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த நாள் பாடசாலையில் டீச்சரிடம் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்டு வரச் சொல்லுங்கள். கொப்பி முழுக்கத் திருத்தித் தர டீச்சருக்கு நேரம் இருக்காது, ஒரு வாக்கியம் என்றால் நின்று சொல்லிக் கொடுப்பார்.